ஒல்லி டயர் வாங்குகிறவர் உண்மையில் வாங்குவது உயரம்

டொயோட்டா லேண்ட் குரூஸர் 79 பிக்-அப்பை ஆஸ்திரேலியாவில் பல ஆண்டுகளாக இரண்டு விதமான டயர்களில் விற்றார்கள். விலை கூடிய ஜிஎக்ஸ்எல் மாடலுக்கு அலாய் ரிம்மும் 265/70 ஆர்16 டயரும். பண்ணைக்காரர்களும் சுரங்கக் கம்பெனிகளும் வாங்கிப்போகும் வொர்க்மேட்டுக்கு இரும்பு ரிம்மும் 225/95 ஆர்16 டயரும். இரண்டையும் அருகருகே நிறுத்தினால் வொர்க்மேட்டின் சக்கரம் சோற்றுக்கு இல்லாத வீட்டுப் பிள்ளை மாதிரி ஒல்லியாக, நெட்டையாக நிற்கும். ஆனால், தார் ரோடே இல்லாத ஊரில் முதுகு ஒடிய உழைக்கப்போவது அந்த வண்டிதான். உழைக்கிற வண்டிக்கு ஒல்லி டயர், ஊருக்குள் ஓடுவதற்கு அகல டயர். பார்ப்பவருக்கு இது தலைகீழாகத் தோன்றும். இல்லை என்பதற்கு டயரின் விலாவில் எழுதியிருக்கும் எண்களே சாட்சி.

265/70 ஆர்16 என்றால் அகலம் 265 மில்லிமீட்டர். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 70 சதவீதம். ரிம் 16 இஞ்ச். பெருக்கிக் கூட்டினால் சக்கரத்தின் மொத்த உயரம் 777 மி.மீ. 225/95 ஆர்16-க்கு அதே கணக்கைப் போட்டால் 834 மி.மீ. ஒல்லியானதுதான் 57 மி.மீ. கூடுதல் உயரம். அதில் பாதி, ஏறக்குறைய 28 மி.மீ., அச்சுக்கு அடியில் இடைவெளியாகக் கிடைக்கும்.

இந்த 28 மி.மீ. லேசுப்பட்ட விஷயம் இல்லை. பின்னால் முழு அச்சு வைத்த பிக்-அப்பில் தரையைத் தொட மிக அருகில் தொங்குவது டிஃபரன்ஷியல் உருண்டை, அதாவது அச்சின் நடுவே பல்சக்கரங்களை மூடியிருக்கும் இரும்புக் கூடு. பல ஆயிரம் ரூபாய் கொடுத்து, வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டாலும் பாடிதான் மேலே போகும். அந்த உருண்டை இருந்த இடத்திலேயே இருக்கும். அதைத் தூக்க சக்கரத்தின் உயரத்தைக் கூட்டுவது தவிர வேறு சுலப வழி கிடையாது. ஆஃப்ரோடு டயர் பேச்சில் அகலம்தான் எல்லோருக்கும் முதலில் கண்ணில் படுகிறது. நான் முதலில் பார்ப்பது உயரத்தை.

அகலமாகவும் உயரமாகவும் ஒரே டயரை வாங்கலாமே என்று கேட்கலாம். வாங்கலாம், வண்டி இடம் கொடுத்தால். அகல டயரை மாட்டினால் ஸ்டீயரிங்கை முழுதாகத் திருப்பும்போது உள்பக்கம் சேஸிஸில் உரசும், வெளிப்பக்கம் மட்கார்டில் இடிக்கும். உரசாமல் இருக்க ரிம்மை வெளியே தள்ளி மாட்டுகிறார்கள். அப்படித் தள்ளினால் வீல் பேரிங்கின் மீது நெம்புகோல் வைத்து அழுத்துவது போலச் சுமை கூடும். ஒவ்வொரு கல்லும் ஸ்டீயரிங்கைப் பிடுங்கும். அதன் பிறகு மட்கார்டை வெட்டுவது, அதன் விளிம்பை அகலப்படுத்தும் ஃபிளேர் ஒட்டுவது என்று செலவு நீளும். ஒல்லி டயர் இந்த வம்பு எதுவும் இல்லாமல் மட்கார்டுக்குள் நெட்டையாக நிற்கும். அமெரிக்க ஆஃப்ரோடு ஆட்கள் இதை ‘பீட்ஸா கட்டர்’ என்று கிண்டலாகவும் செல்லமாகவும் அழைப்பார்கள்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. இரண்டாம் உலகப்போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பின் டயர் 6.00-16. ஆறு இஞ்ச் அகலம், அவ்வளவுதான். பழைய நீள லேண்ட் ரோவர்களுக்கு 7.50-16. அந்தக் கால எண்களில் சதவீதமே எழுதப்படுவதில்லை. அகலம் எவ்வளவோ பக்கச்சுவரும் ஏறக்குறைய அவ்வளவு உயரம் என்பது எழுதப்படாத விதி. வில்லிஸ் போட்டிருந்த 6.00-16 அளவை இன்றும் பார்க்க வேண்டுமென்றால் அருங்காட்சியகத்துக்குப் போக வேண்டாம். நம்மூரில் 40 குதிரைத்திறன் டிராக்டர் ஒன்றின் முன்சக்கரத்தைக் குனிந்து பார்த்தால் போதும். தார் ரோடும் வேகமும் பெருகிய பிறகு, வளைவில் ஆடாமல் நிற்கவும் சட்டென்று பிரேக் பிடிக்கவும் டயர் தாழ்ந்து அகன்றது. ரிம் பெருத்தது. இந்தியாவில் விற்கும் டொயோட்டா ஹைலக்ஸ் பிக்-அப் 265/60 ஆர்18-ல் வருகிறது. தார் ரோட்டுக்கு நல்ல அளவு. கல்லுக்கும் சேற்றுக்கும் அவ்வளவு நல்லதல்ல.

இனி, ஒல்லி டயரின் ரசிகர்கள் எப்போதும் சொல்லும் வாதத்துக்கு வருவோம். டயர் தரையில் பதியும் தடத்தின் பரப்பளவை முக்கியமாகத் தீர்மானிப்பது அகலம் அல்ல, உள்ளே இருக்கும் காற்றழுத்தம். ஒரு சக்கரத்தின் மேல் 600 கிலோ சுமை என்று வைத்துக்கொள்வோம். காற்று 35 பிஎஸ்ஐ, அதாவது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.46 கிலோ. 600-ஐ 2.46-ஆல் வகுத்தால் 244 சதுர செ.மீ. டயர் ஒல்லியோ குண்டோ, தடத்தின் பரப்பு இதுதான். பக்கச்சுவரின் விறைப்பும் கொஞ்சம் சுமையைத் தாங்கும் என்பதால் நிஜத்தில் சற்று மாறும், கணக்குக்கு இது போதும். தரையில் படும் அகலம் 17 செ.மீ. உள்ள டயரில் தடத்தின் நீளம் 14 செ.மீ. வரும். 21 செ.மீ. உள்ளதில் 11.6 செ.மீ. காற்றை 18 பிஎஸ்ஐக்கு இறக்கினால் பரப்பு 474 சதுர செ.மீ. ஆகிவிடும். ஒல்லியின் தடம் 28 செ.மீ. நீளம், அகலத்தின் தடம் 22.6 செ.மீ. காற்றை இறக்கும்போது தடம் பெரும்பாலும் நீளவாக்கில்தான் வளரும்.

நீளம் எதற்கு நல்லது? போலந்தில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய பெக்கர் என்ற பொறியாளர் 1950-களில் டெட்ராய்ட்டில் அமெரிக்க ராணுவத்துக்காக இதே கேள்வியை ஆராய்ந்தார். 1971-ல் அப்போலோ 15 நிலவுக்குக் கொண்டுபோன வண்டியின் உருவாக்கத்திலும் அவருக்குப் பங்கு உண்டு. அவர் காட்டிய வழியில் யோசித்தால் விஷயம் எளிது. இளகிய மண்ணில் போகும் சக்கரம் தனக்கு முன்னால் உள்ள மண்ணை அமுக்கிப் பள்ளம் போட்டுக்கொண்டேதான் முன்னேற முடியும். அந்தப் பள்ளத்தை வெட்டும் கூலி இன்ஜினின் தலையில் விழுகிறது. ஒரே ஆழமுள்ள இரண்டு பள்ளங்களில் அகலமானதற்குக் கூலி அதிகம். ஒரே பரப்புள்ள இரண்டு தடங்களில் நீண்டு ஒடுங்கியதற்குக் கூலி குறைவு. மண் இளக இளக, அகல டயரின் முன்னால் மண் அலைபோலத் திரண்டு தடுப்பதைப் பார்க்கலாம். ஒல்லி டயருக்கு அந்த அலை சின்னது.

இதுவரை சரி. ரசிகர்கள் இந்த இடத்திலேயே நிறுத்திவிடுகிறார்கள் என்பதுதான் என் சண்டை.

மேலே போட்ட கணக்கில் இரண்டு டயரிலும் ஒரே காற்றழுத்தம் என்று வைத்தோம். அப்படி வைத்தால் ஒல்லி டயர் அதிகமாக அமுங்கும். இரண்டும் 806 மி.மீ. உயரமுள்ள சக்கரம் என்று வைத்துக்கொண்டால், 28 செ.மீ. நீளத் தடத்துக்கு ஒல்லி டயர் சுமார் 25 மி.மீ. அமுங்கியாக வேண்டும். 22.6 செ.மீ. தடத்துக்கு 16 மி.மீ. போதும். அமுங்க அமுங்கப் பக்கச்சுவர் பிதுங்கும், சூடேறும், கல்லில் கிழியும், ரிம் தரையில் இடிக்கும். சுமையைத் தாங்குவது ரப்பர் அல்ல, உள்ளே அடைத்த காற்று. ஒல்லி டயருக்குள் காற்று குறைவு. ஆகவே அதே சுமைக்கு அதில் சற்றுக் கூடுதல் அழுத்தம் வைக்க வேண்டிவரும். நியாயமான ஒப்பீடு வேண்டுமென்றால் இரண்டையும் ஒரே அளவு அமுங்கும்படி காற்று வைத்துப் பார்க்க வேண்டும். அப்போது இரண்டின் தடமும் ஒரே நீளம்தான். அகல டயருக்கு அகலமும் உபரியாகச் சேரும், தரை மீதான அழுத்தமும் குறையும். ‘ஒல்லி என்றாலே நீண்ட தடம்’ என்ற முழக்கம் பாதி உண்மை. தடத்தை நிச்சயமாக நீட்டுவது சக்கரத்தின் உயரம். மறுபடியும் அங்கேயே வந்து நிற்கிறோம்.

அப்படியானால் ஒல்லி எங்கே ஜெயிக்கிறது? தரைக்கு அடியில் இன்னொரு தரை இருக்கும் இடத்தில். இதைப் புரிந்துகொள்ளத் தஞ்சாவூர்ப் பக்கத்து வயலில் இறங்கும் நடவு இயந்திரத்தின் சக்கரத்தைப் பாருங்கள். கை அகலம்கூட இருக்காது, ஆனால் உயரமாக இருக்கும். சேற்றின் மேலே மிதக்க அது முயல்வதே இல்லை. சேற்றைக் கிழித்துக்கொண்டு கீழே போய், ஆண்டாண்டு காலமாக ஏரும் டிராக்டரும் மிதித்து இறுகிப்போன அடித்தட்டில் கால் ஊன்றுகிறது. அங்கே அகல டயரை மாட்டினால் அடியையும் தொடாது, மேலேயும் நிற்காது. நடுவில் நின்று சுற்றும். மழைக்குப் பிறகு ஓடும் மலைப்பாதைகளும் எஸ்டேட் சாலைகளும் பெரும்பாலும் இந்த ரகம்தான். மேலே நான்கு விரல் கொழகொழ மண், அடியில் கெட்டிச் சரளை. ஒல்லி டயருக்கு அது சொந்த வீடு.

கரிசலில் கதை வேறு. விளாத்திகுளம் பக்கம் ஐப்பசி மழையில் நன்றாக ஊறிய கரிசல் காட்டில் அடித்தட்டு என்று ஒன்றைத் தேடிப்போனால் சக்கரம் போய்க்கொண்டே இருக்கும். ஒல்லி டயருக்கு அங்கே ஒரே ஒரு சலுகை உண்டு. கரிசல் மண் டயரில் உருண்டை உருண்டையாக அப்பி மட்கார்டை அடைத்து, சக்கரத்தையே நிறுத்திவிடும். டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் அப்படி அடைக்கக் கொஞ்சம் தாமதமாகும். அந்த மண்ணில் எந்த டயரோடும் இறங்காமல் இருப்பதே நல்லது என்பது வேறு விஷயம்.

பனியிலும் இதே இரட்டைக் கதைதான். உலக ராலிப் பந்தயத்தின் பனிச் சுற்றுகளில் 205/65 அளவில் ஆணி பதித்த ஒல்லி டயர் போடுகிறார்கள். மேல்பனியைக் கிழித்து அடியிலுள்ள ஐஸைக் கவ்வுவது அதன் வேலை. ஐஸ்லாந்தின் பனிப்பாளங்களில் அடியே இல்லை. அங்கே அதே ஹைலக்ஸுக்கு 38 இஞ்ச், 44 இஞ்ச் பூதங்களை மாட்டி, காற்றை மூன்று நான்கு பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கி, பனியின் மேல் மிதந்து போகிறார்கள். கிழித்துக்கொண்டு போகிறோமா, மிதந்து போகிறோமா என்று முடிவு செய்தால் டயர் பாதி முடிவாகிவிட்டது.

மணல்தான் சச்சரவான இடம். சுமை ஏற்றிய பிக்-அப் 18, 20 பிஎஸ்ஐ காற்றோடு சிம்ப்சன் பாலைவனத்தைக் கடப்பது ஆஸ்திரேலியர்களுக்கு வாடிக்கை. இணையிணையாகக் கிடக்கும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மணற்குன்றுகளை ஒல்லி டயர் வண்டிகளும் ஏறி இறங்கியிருக்கின்றன. காற்றை இறக்கத் தெரிந்தவனுக்கு மணலில் அகலம் இரண்டாம் பட்சம். ஆனாலும், கடற்கரை மாதிரி பொலபொலவென்ற மணலில் மேலும் மேலும் காற்றை இறக்க இடம் கொடுப்பது அகல டயர்தான். முழுக்க முழுக்க மணலிலேயே ஓட்டப்போகிறவருக்கு ஒல்லி டயரை நான் சிபாரிசு செய்ய மாட்டேன்.

லேண்ட் குரூஸர் 79-க்கு மணலில் வேறொரு நோய் உண்டு. 2007-ல் வி8 இன்ஜினை உள்ளே திணிப்பதற்காக முன்பக்கத்தை அகலப்படுத்தியவர்கள் பின் அச்சை அப்படியே விட்டுவிட்டார்கள். முன்சக்கரங்களைவிடப் பின்சக்கரங்கள் மொத்தமாக 95 மி.மீ. உள்ளே தள்ளி ஓடுகின்றன. முன்சக்கரம் அமுக்கிக் கொடுத்த தடத்தில் பின்சக்கரம் முழுதாக உட்காராமல், தன் பங்குக்கு ஓரத்தை இடித்துப் புதிதாகப் பள்ளம் வெட்டும். மேலே சொன்ன கூலியை இரண்டு தடவை கொடுப்பது மாதிரி. இந்த ஒன்றைச் சரிசெய்ய ஆஸ்திரேலியாவில் பின் அச்சையே மாற்றித்தரும் தொழில் ஒன்று பிழைத்துக்கொண்டிருக்கிறது.

அகலத்துக்கு ஆதரவான பெரிய சாட்சி டக்கார் ராலி என்ற பாலைவனப் பந்தயம். 2021 வரை அங்கே ஓடிய நான்கு சக்கர இயக்க ஹைலக்ஸ்களுக்கு 32 இஞ்ச் உயரமும் 245 மி.மீ. அகலமும் கொண்ட டயர்தான். இரண்டு சக்கர இயக்க பக்கி என்ற பந்தய வண்டிகளுக்கு மட்டும் 37 இஞ்ச் அனுமதி. 2021-ல் சவூதியின் கற்களில் பஞ்சர் மேல் பஞ்சராகி நொந்துபோன ஹைலக்ஸ் ஓட்டுநர் நாசர் அல்-அத்தியா, பக்கியில் வந்த பீட்டர்ஹான்செலிடம் தோற்றார். மறு ஆண்டு விதி மாறியது. டி1 பிளஸ் என்ற புதுப் பிரிவில் ஹைலக்ஸுக்கு 37 இஞ்ச் உயரம், 320 மி.மீ. அகலம். அல்-அத்தியா ஜெயித்தார். பார்த்தாயா, அகலம்தான் ஜெயித்தது என்று சொல்லலாம். ஆனால் அகலத்தோடு சேர்ந்து ஐந்து இஞ்ச் உயரமும் கூடியிருக்கிறது. வண்டியின் உடலையும் இரண்டு மீட்டரிலிருந்து 2.3 மீட்டருக்கு அகற்றிய பிறகுதான் அந்த டயருக்கே இடம் கிடைத்தது. கற்காட்டில் அசுர வேகத்தில் பாய்கிற வண்டிக்கு அது தேவை. காய்கறி ஏற்றிக்கொண்டு இருபதில் போகிற வண்டிக்கு அந்தப் பாடம் பொருந்தாது.

மெதுவாகப் போகிற வண்டிக்குக் கற்பாதையில் ஒல்லி டயர் இன்னொரு வகையில் உதவும். அகலம் குறைவு என்பதால் கூர்மையான கல்லை மிதிக்கும் வாய்ப்பே குறைவு. இரண்டு கற்களுக்கு நடுவே நுழைத்து ஓட்டவும் வசதி. பெரிய பாறைகளின் மேல் தவழ்ந்து ஏறும் விளையாட்டுக்கு மட்டும் அகலமான, மென்மையான டயர்தான். அங்கே ரப்பர் பாறையின் மேல் துணிபோலப் படிய வேண்டும்.

சரி, யாராவது ஒருவர் ஒல்லி டயர் என்று முடிவெடுத்துவிட்டார் என்றால் பார்க்க வேண்டியவை சில உண்டு. ஒப்பிட வசதியான ஜோடிகள் 16 இஞ்சில்தான் இருக்கின்றன. 235/85 ஆர்16-ம் 265/75 ஆர்16-ம் ஏறக்குறைய ஒரே உயரம், 806-க்கு 804. அகலத்தில் மட்டும் 30 மி.மீ. வித்தியாசம். ஒரு படி மேலே 255/85-ம் 285/75-ம் அப்படிப்பட்ட ஜோடி. 17 இஞ்சில் 255/75, 255/80 என்று தேடினால் அகப்படும். 18 இஞ்ச் ரிம்முக்கு இப்படி நெட்டையும் ஒல்லியுமான டயரைத் தேடுவது பெரும்பாலும் வீண் அலைச்சல். ரிம்மை 16-க்கு இறக்க வேண்டும் என்றால் புது வண்டிகளின் பெரிய பிரேக் காலிப்பர் இடம் கொடுக்குமா என்று ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றிப் பார்த்த பிறகே டயருக்குப் பணம் கொடுங்கள். 235/85-க்கு ஆறு முதல் ஏழரை இஞ்ச் வரை அகலமுள்ள ரிம் சரி. எட்டரை இஞ்ச் ரிம்மில் இழுத்துப் பூட்டினால் ஒல்லி டயரின் பயனே போய்விடும்.

சுமைக் குறியீட்டையும் பாருங்கள். ஒல்லி என்றால் பலவீனம் என்ற பயம் தேவையில்லை. எல்டி, அதாவது இலகுரக லாரி வகை 235/85 ஆர்16 டயரில் வழக்கமாக 120 என்று இருக்கும். ஒரு டயர் 1,400 கிலோ தாங்கும் என்று அர்த்தம். சாதாரண 265/65 ஆர்17-ல் காணும் 112-க்கு 1,120 கிலோதான். ஆனால் விலை மலிவு, எந்த ஊர் டயர் கடையிலும் கிடைக்கிறது என்பதற்காக மினி லாரிக்கான, தடித்த 16 பிளை (அடுக்கு வலிமை) 7.50-16 டயரைக் கொண்டுவந்து பிக்-அப்பில் மாட்டாதீர்கள். இரண்டு டன் வண்டியின் கீழ் அது மரச்சக்கரம் மாதிரி விறைத்து நிற்கும். காற்றை இறக்கினாலும் மசியாது. மசியாத டயருக்கு நீண்ட தடம் ஏது?

தார் ரோட்டில் கொடுக்க வேண்டிய விலையும் உண்டு. உயரமான பக்கச்சுவர் வளைவில் ஆடும். காய்ந்த ரோட்டில் அவசர பிரேக்குக்கு அகல டயர் அளவு பிடிப்பு இருக்காது. அடைமழையில் தேங்கிய தண்ணீரைக் கிழிப்பதில் மட்டும் ஒல்லிக்கு ஒரு கை ஓங்கும். 777-லிருந்து 806-க்கு உயரம் கூடினால் ஸ்பீடாமீட்டர் 80 காட்டும்போது வண்டி 83-ல் போய்க்கொண்டிருக்கும்.

காற்று எவ்வளவு என்பதற்கு ஆஸ்திரேலிய ஓட்டுநர்களிடம் ஒரு கைக்கணக்கு உண்டு. காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து வைத்துக்கொண்டு, ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி அளப்பார்கள். நான்கு பிஎஸ்ஐ ஏறியிருந்தால் சரி. அதற்கு மேல் ஏறியிருந்தால் டயர் அளவுக்கு மீறி மசிந்து சூடாகிறது, காற்று போதவில்லை. குறைவாக ஏறியிருந்தால் காற்று அதிகம். உள்ளே காற்று குறைந்த ஒல்லி டயருக்கு இந்தச் சோதனை கூடுதல் அவசியம்.

பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்னால் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்டெப்னி தொங்கும் இடத்தையும் இஞ்ச் டேப்பால் அளந்துவிடுங்கள். நான்கு சக்கரத்துக்குப் பொருந்திய நெட்டை டயர், ஐந்தாவதாக அந்தக் கூண்டுக்குள் ஏற மறுத்து, கடைசியில் சாமான் ஏற்றும் தொட்டியில் கால்வாசி இடத்தைப் பிடித்துக்கொண்டு படுத்திருப்பதைப் பல வண்டிகளில் பார்க்கலாம்.